பொன்னிறக் குட்டி வேண்டுமென்றால்: பாலமினோ வளர்ப்பில் தெரிந்திருக்க வேண்டியவை

பொன்னிற ஆண் குதிரையையும் பொன்னிறப் பெட்டையையும் சேர்த்தால் பொன்னிறக் குட்டிதான் பிறக்கும் என்று நம்பிப் பணம் கட்டுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பொன் உடலும் வெள்ளைப் பிடரியும் கொண்ட குதிரைதான் பாலமினோ. அதன் வளர்ப்பில் முதலில் கைவிட வேண்டிய நம்பிக்கை இதுதான். இரண்டு பாலமினோக்களைச் சேர்த்தால் பொன்னிறத்துக்குச் சரிபாதி வாய்ப்புதான். மீதிப் பாதியில் கால்வாசி செவலை, இன்னொரு கால்வாசி இளஞ்சிவப்புத் தோலும் நீலக் கண்ணும் கொண்ட வெளிர் சந்தன நிறக் குட்டி. சினைக்காலம் சுமார் 340 நாள். ஒவ்வொரு முறையும் ஒரு வருஷத்தைப் பணயம் வைக்கிறீர்கள். அதனால் கணக்கு தெரியாமல் இறங்கக் கூடாது.

குதிரைக்கு அடிப்படை நிறமிகள் இரண்டுதான், கறுப்பும் சிவப்பும். எம்சி1ஆர் என்ற மரபணு கறுப்பு நிறமியை மயிரில் அனுமதிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. எந்த மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வரும். கறுப்பை அனுமதிக்காத பிரதி (செவலைப் பிரதி) இரண்டும் சேர்ந்துவிட்டால் உடல் முழுக்கச் சிவப்பு நிறமி மட்டும். அதுதான் செவலை. கறுப்பை அனுமதிக்கும் பிரதி ஒன்று இருந்தாலும் போதும், கறுப்பு வரும். அந்தக் கறுப்பு உடலெங்கும் பரவுமா, பிடரி, வால், கால் அளவில் நிற்குமா என்பதை ஏஎஸ்ஐபி என்ற இரண்டாவது மரபணு பார்த்துக்கொள்கிறது. அளவோடு நின்றால் 'பே' நிறம், அதாவது பழுப்பு உடலில் கறுப்புப் பிடரி, கறுப்பு வால், கறுப்புக் கால்.

பொன்னிறம் இந்த அடித்தளத்தின் மேல்தான் வருகிறது. எஸ்எல்சி45ஏ2 மரபணுவில் உள்ள ஒரே ஒரு எழுத்து மாற்றத்துக்குத்தான் க்ரீம் என்று பெயர். 2003 இல் கண்டறியப்பட்டது. ஒரு பிரதி இருந்தால் சிவப்பு நிறமி பொன்னாக வெளுக்கும், கறுப்பு நிறமி ஏறக்குறைய அப்படியே இருக்கும். செவலையில் ஒரு பிரதி விழுந்தால் பொன் உடல், வெள்ளைப் பிடரி, வெள்ளை வால் கொண்ட பாலமினோ. பே நிறத்தில் விழுந்தால் பொன் உடலோடு கறுப்புப் பிடரி கொண்ட பக்ஸ்கின். முழுக் கறுப்பில் விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள், பல 'அதிசயக் குட்டிகள்' இங்கிருந்துதான் வருகின்றன. க்ரீம் இரண்டு பிரதி சேர்ந்தால் எந்த அடிப்படை நிறமானாலும் வெளுத்துவிடும். செவலையில் அது க்ரெமெல்லோ, பே நிறத்தில் பெர்லினோ, கறுப்பில் ஸ்மோக்கி க்ரீம்.

இப்போது சேர்க்கைக் கணக்கு. பாலமினோவும் செவலையும் சேர்ந்தால் பாதி பாலமினோ, பாதி செவலை. நீலக் கண் குட்டி வராது, அதனால் பலரும் இந்த வழியையே எடுக்கிறார்கள். ஆனால் பாதி என்பது நீண்ட ஓட்டத்தில்தான் பாதி. தொடர்ந்து மூன்று குட்டியும் செவலையாகவே பிறக்க எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அது யாருடைய பிழையும் அல்ல. க்ரெமெல்லோவும் செவலையும் சேர்ந்தால் அத்தனை குட்டியும் பாலமினோ, நூற்றுக்கு நூறு. க்ரெமெல்லோ தன்னிடமிருந்து க்ரீம் பிரதி ஒன்றைக் கொடுத்தே தீரும், செவலையிடம் கொடுக்கக் கறுப்பு கிடையாது. பாலமினோ உறுதியாக வேண்டும் என்பவருக்கு இந்த ஒரு வழிதான் பதில். என்னைக் கேட்டால், அழகான பாலமினோ பொலிக்குதிரைக்குக் கொடுக்கும் கட்டணத்தைவிட, நல்ல உடற்கட்டுள்ள க்ரெமெல்லோவுக்குக் கொடுக்கும் கட்டணம்தான் புத்திசாலித்தனமான செலவு.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. க்ரெமெல்லோ என்று நினைத்துப் பெர்லினோவைத் தேர்ந்தெடுத்துவிடுவது. இரண்டும் தந்த நிறம், இரண்டுக்கும் நீலக் கண். பெர்லினோவின் பிடரியிலும் வாலிலும் கொஞ்சம் துருச்சாயல் இருக்கும் என்பார்கள், ஆனால் வெயிலில் நிற்கும் குதிரையில் அது நம்பத் தகுந்த அடையாளம் அல்ல. பெர்லினோவிடம் கறுப்புப் பிரதி இரண்டும் இருந்தால் செவலைப் பெட்டையிடம் அது கொடுக்கும் குட்டிகளில் ஒன்றுகூடப் பாலமினோவாக இராது. பக்ஸ்கின்னோ, க்ரீமை ஒளித்துவைத்த கறுப்போதான் வரும். கறுப்புப் பிரதி ஒன்று மட்டும் இருந்தால் பாதிக்குப் பாதி. கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாத இடம் இது.

பாலமினோவை பே நிறத்தோடு சேர்ப்பவர்களும் இதையே கவனிக்க வேண்டும். பே குதிரையிடம் கறுப்புப் பிரதி இரண்டு இருந்தால் பாலமினோவுக்கு வாய்ப்பே இல்லை. ஒன்று மட்டும் இருந்தால் நான்கில் ஒன்று. பக்ஸ்கின்னோடு பக்ஸ்கின், இரண்டிடமும் செவலைப் பிரதி ஒவ்வொன்று இருந்தால், எட்டில் ஒன்று பாலமினோ. கறுப்புக் குதிரைக்கும் செவலைக்கும் பாலமினோ பிறந்து, பெட்டைக்காரரும் பொலிக்குதிரைக்காரரும் ஒருவரையொருவர் சந்தேகிக்கும் கதைகள் உண்டு. கறுப்பில் ஒளிந்திருந்த க்ரீம்தான் அங்கே குற்றவாளி. முடிப் பரிசோதனை செய்தாலே தீர வேண்டிய சண்டை அது.

பாலமினோ ஓர் இனம் அல்ல, நிறம் மட்டுமே. க்வார்ட்டர் ஹார்ஸ், சேடில்பிரெட், டென்னசி வாக்கிங் ஹார்ஸ், அகால்-தெகே, மார்வாரி என்று பல இனங்களில் வரும். தூய அரபுக் குதிரையில் க்ரீம் கிடையாது. 'தூய அரபுப் பாலமினோ' என்று யாராவது விற்றால் ஒன்று அது தூய அரபு அல்ல, இல்லையேல் வெளிர்பிடரிச் செவலை. 1941 இல் தொடங்கிய பாலமினோ ஹார்ஸ் பிரீடர்ஸ் ஆஃப் அமெரிக்கா அமைப்பு, புதிதாக அச்சிட்ட பொன் நாணயத்தின் நிறத்தைத் தன் இலட்சிய நிறமாக வைத்தது. பிடரியிலும் வாலிலும் வெள்ளை அல்லாத மயிர் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது அவர்களின் விதி. பதிவு நிறத்தைப் பார்த்து நடப்பதால், பதிவுச் சீட்டில் பாலமினோ என்று இருப்பதும் மரபணுவில் க்ரீம் இருப்பதும் எப்போதும் ஒன்றல்ல.

பொன்னிறமாகத் தெரியும் குதிரை முன்னால் நிற்கும்போது, உடலைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் தோல். கண்ணைச் சுற்றி, மூக்கு நுனி, வாலைத் தூக்கி அடியில், பெட்டையானால் மடி. இந்த இடங்களில் வெள்ளைக் குறி இல்லாத பகுதியில் தோல் கருஞ்சாம்பலாக இருந்தால் பாலமினோவாக இருக்கலாம். இளஞ்சிவப்புத் தோலில் ஊதா கலந்த சிறு புள்ளிகள் தெளித்தாற்போல் இருந்தால் அது பெரும்பாலும் ஷாம்பெயின், நிறத்தை வெளுக்கும் வேறொரு மரபணு. இரண்டாவது கண். பாலமினோவின் கண் பழுப்பு. ஷாம்பெயினின் கண் தேன் நிறம் அல்லது பச்சை கலந்த பழுப்பு. மூன்றாவது முதுகு. பிடரி முடிவிலிருந்து வால் வரை விளிம்பு கூர்மையான கோடு ஓடி, முன்னங்காலில் வரிக்குதிரை போன்ற கீற்றும் இருந்தால், உடலை வெளுத்து முதுகுக் கோட்டை மட்டும் விட்டுவைக்கும் டன் மரபணுவும் இருக்கிறது. சாயம் பூசியிருக்கிறார்களா என்று பிடரி மயிரைப் பிரித்து வேரைப் பார்ப்பது நான்காவது.

ஷாம்பெயினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இதைத்தான் மிக அதிகமாகப் பாலமினோ என்று தவறாகப் பதிந்திருக்கிறார்கள். எஸ்எல்சி36ஏ1 என்ற வேறொரு மரபணு இது, 2008 இல் அடையாளம் காணப்பட்டது. க்ரீம் போல இல்லாமல், கறுப்பு சிவப்பு இரண்டையும் வெளுக்கும். செவலையில் விழுந்தால் பொன் உடல், வெள்ளைப் பிடரி. தூரத்திலிருந்து பார்த்தால் பாலமினோவேதான். வேறுபாடு அடுத்த தலைமுறையில் தெரியும். ஷாம்பெயின் இரண்டு பிரதி சேர்ந்தாலும் குதிரை வெளுத்துப் போய் நீலக் கண்ணாகாது, ஏறக்குறைய அதே பொன்தான், தோலில் புள்ளி கொஞ்சம் குறையும். ஆக, பொன்னிறம் தலைமுறை தலைமுறையாகப் பிசகாமல் வர வேண்டும் என்றால் க்ரீமால் முடியாது, ஷாம்பெயினால் முடியும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த ஓல்ட் கிரானி என்ற பெட்டையிலிருந்து கிளைத்த அமெரிக்கன் க்ரீம் டிராஃப்ட் இனமே இதற்குச் சான்று. பெயரில் க்ரீம், மரபணுவில் ஷாம்பெயின்.

வெளிர்பிடரிச் செவலை இன்னொரு போலி. ஆஸ்திரிய, தென் டிரோல் மலைப்பகுதியின் ஹாஃப்லிங்கர் குதிரைகள் எல்லாமே இந்த வகை. 1874 இல் பிறந்த ஃபோலி என்ற ஆண் குதிரையிலிருந்து தொடங்கும் இனம் அது. பொன்னிறமாகத் தெரிந்தாலும் ஹாஃப்லிங்கரில் க்ரீம் இல்லை, அதைச் செவலையோடு சேர்த்துப் பாலமினோவை எதிர்பார்க்கக் கூடாது. சில்வர் என்ற மரபணுவும் குழப்பும். அது கறுப்பு நிறமியை மட்டும் வெளுப்பதால் சாக்லேட் உடலும் வெள்ளிப் பிடரியும் வரும், பார்ப்பவர் 'கரும் பாலமினோ' என்பார். சில்வரோடு பிறவிக் கண் குறைபாடும் சேர்ந்து வருவதால், இரண்டு சில்வர் குதிரைகளைச் சேர்ப்பதைத் தவிர்க்க வேண்டும். இரு பிரதி உள்ள குட்டிக்குக் கண் பாதிப்பு கடுமையாக இருக்கும்.

டன் தனிக் கதை. டிபிஎக்ஸ்3 மரபணுவின் வேலை. மயிரின் ஒரு பக்கத்தில் மட்டும் நிறமி படிய, மறு பக்கம் வெறுமையாக இருப்பதால் உடல் வெளுத்துத் தெரிகிறது. முதுகுக் கோட்டில் நிறமி மயிரைச் சுற்றிலும் படிவதால் அது கருமையாகவே இருக்கிறது. 2015 இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. சுமார் 43,000 ஆண்டுக்கு முந்தைய குதிரை எலும்பிலேயே டன் வடிவமும் டன் அல்லாத வடிவமும் இருந்ததையும் அதே ஆய்வு சொன்னது. நார்வேயின் ஃபியோர்டு குதிரைகள் எல்லாம் டன்தான், அதில் பத்துக்கு ஒன்பது பழுப்பு டன். குஜராத்தின் கத்தியவாரிக் குதிரையிலும் டன் சாதாரணம். பொன் உடலும் கறுப்புக் காலும் கொண்ட கத்தியவாரியைப் பக்ஸ்கின் என்று சொல்லுமுன் முதுகைப் பாருங்கள். குட்டிகளிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. பிறந்த மயிரில் பல குட்டிகளுக்கு மங்கலான முதுகுக் கோடு இருக்கும், முதல் மயிர் உதிர்ந்ததும் அது போய்விடும்.

பேர்ல் என்பது க்ரீம் இருக்கும் அதே மரபணுவின் இன்னொரு மாற்றம். ஸ்பெயின், போர்ச்சுகல் இனங்களிலும் அவற்றின் வழி அமெரிக்கக் குதிரைகளிலும் காணலாம். ஒரு பிரதியால் நிறம் மாறாது. க்ரீம் ஒரு பிரதி, பேர்ல் ஒரு பிரதி என்று சேர்ந்தால் குதிரை க்ரெமெல்லோ போலவே தெரியும். அதை நம்பிச் செவலையோடு சேர்த்தால் நூற்றுக்கு நூறு பாலமினோ வராது, பாதிதான் வரும். மீதிப் பாதி பேர்லை ஒளித்துவைத்த செவலை.

பிறந்த குட்டியைப் பார்த்து நிறம் அறிவிப்பதில் அவசரம் வேண்டாம். பாலமினோக் குட்டியின் தோல் பிறக்கும்போது கொஞ்சம் சிவந்திருந்து சில நாளில் கறுக்கலாம். ஷாம்பெயின் குட்டி நேர்மாறு. மயிர் வளர்ந்த குதிரையைவிடக் கருத்திருக்கும், தோல் பளிச்சென்று இளஞ்சிவப்பு, கண் நீலம். வளர வளரத்தான் கண் தேன் நிறமாகும். வெளிறிய காலோடு பிறக்கும் சாதாரணச் செவலைக் குட்டியைப் பாலமினோ என்று விளம்பரப்படுத்தி, மூன்று நான்கு மாதத்தில் குட்டி மயிர் உதிர்ந்து உள்ளிருந்து செம்மை எட்டிப் பார்த்ததும் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

பெற்றோரில் ஒன்று நரைக்கும் மரபணு கொண்டதா என்பதையும் கேளுங்கள். அந்த மரபணு ஒரு பிரதி வந்தாலே, பொன்னாகப் பிறந்த குட்டி வருஷா வருஷம் வெளுத்து வெள்ளைக் குதிரையாகிவிடும். கண்ணைச் சுற்றி வெள்ளை மயிர் கண்ணாடி போட்டாற்போல் தோன்றுவது முதல் அறிகுறி.

இனி சாயல்கள். ஒரே க்ரீம் பிரதி கொண்ட இரண்டு பாலமினோக்களில் ஒன்று வெண்ணெய் நிறத்திலும் இன்னொன்று செம்பு நிறத்திலும் இருக்கும். அடியில் இருக்கும் செவலையின் ஆழம் ஒரு காரணம். கருஞ்செவலையின் வழி வந்தது ஆழ்ந்த பொன்னாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு காரணம் முதுகிலிருந்து கீழ்நோக்கிப் புகை படிந்தாற்போல் வரும் கருஞ்சாயல். சூட்டி என்பார்கள். இதற்குக் கடையில் கிடைக்கும் பரிசோதனை எதுவும் இல்லை, குடும்பத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். பிடரியில் கறுப்பு மயிர் கலப்பதும் பெரும்பாலும் சூட்டி குடும்பங்களில்தான். பருவம் மூன்றாவது. குளிர்கால நீள மயிரில் பாலமினோ வெளுத்து, சில சமயம் வெள்ளையாகவே தெரியும். கோடை மயிரில் பொன் திரும்பும், நல்ல உடல்நிலையில் வட்ட வட்டத் திட்டுகளும் விழும். மயிரை ஒட்டக் கத்தரித்த குதிரையும் உள்ள நிறத்தைவிட வெளிறியே தெரியும். விலை பேசும்போது கோடை மயிரில் எடுத்த படத்தையும் குளிர்கால மயிரில் எடுத்த படத்தையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

அகால்-தெகேயின் உலோகப் பளபளப்பு வேறு விஷயம். அது மயிரின் அமைப்பில் இருந்து வருவது, நிற மரபணு அல்ல. செவலை அகால்-தெகேயும் மின்னும், க்ரெமெல்லோவும் மின்னும். பொன்னிறமும் அந்தப் பளபளப்பும் ஒரே குதிரையில் சேர்ந்தால் படத்தில் பொற்சிலை போல வரும். பார்த்தவர்கள் ஊர்க்குதிரைக்கு எண்ணெய் தடவி அதை வரவழைக்கப் பார்ப்பார்கள். தூசி ஒட்டுவதுதான் மிச்சம்.

தீவனத்தால் பாலமினோவை உருவாக்க முடியாது, ஆனால் கெடுக்க முடியும். நிறமி உண்டாக்கும் நொதிக்குச் செம்பு தேவை. 500 கிலோ எடையுள்ள வளர்ந்த குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 மில்லிகிராம் செம்பும் 400 மில்லிகிராம் துத்தநாகமும் அடிப்படைத் தேவை. வெறும் வைக்கோலும் தவிடும் கொடுத்தால் இது எட்டாது, தாது உப்பு சேர்க்க வேண்டும். செம்பு குறைந்தால் மயிர் நுனி துருப்பிடித்து மங்கும். நிறம் ஏற மிளகாய் இனத்தைச் சேர்ந்த பாப்ரிகா தூள் கொடுக்கும் வழக்கம் மேலை நாடுகளில் உண்டு. போட்டிக் குதிரைக்கு அது ஆபத்து. காரச் சத்தான கேப்சைசின் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கிறது. 2008 ஒலிம்பிக்கில் குதிரைகள் அதற்காகவே நீக்கப்பட்டன.

வெயில்பட்ட வியர்வை மயிரை வெளுக்கும். வேலை முடிந்ததும் வெறும் தண்ணீரால் சேணம் பட்ட இடத்தை அலசிவிட்டு நிழலில் கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். வெள்ளை வாலில் மூத்திரக் கறைக்கு ஊதா நிற ஷாம்பு கிடைக்கிறது. சில நிமிடத்துக்கு மேல் விட்டால் வால் ஊதாவாகிவிடும், தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். துணிக்குப் போடும் குளோரின் வெளுப்பானைத் தொடவே கூடாது. தோல் வெந்துவிடும், மயிர் ஒடியும்.

க்ரெமெல்லோவை 'அல்பினோ' என்று ஒதுக்கும் பழக்கம் நீண்ட நாள் இருந்தது. அமெரிக்க க்வார்ட்டர் ஹார்ஸ் சங்கமே 2000-களின் தொடக்கம் வரை அவற்றைப் பதிவு செய்யவில்லை. உண்மையில் அது அல்பினோ அல்ல, நோயும் அல்ல. நிறமி குறைவு, அவ்வளவுதான். கவனிப்பு மட்டும் கூடுதல். மூக்கு நுனியும் கண்ணோரமும் வெயிலில் கொப்பளிக்கும். துத்தநாக ஆக்சைடு களிம்பு, கண்ணுக்கு வலை முகமூடி, காலை பத்து முதல் மாலை நான்கு வரை நிழல். நம் ஊர் வெயிலில் இதைச் செய்ய முடியாதவர் க்ரெமெல்லோ வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி, நுக்ரா எல்லாம் வருகின்றன. இளஞ்சிவப்புத் தோல் கொண்ட வெள்ளைக் குதிரையை நுக்ரா என்று விற்பார்கள். அந்தத் தோற்றத்தைத் தரும் மரபணு ஒன்றல்ல. இரட்டைக் க்ரீமும் தரும், மயிரில் நிறமியே இல்லாத வெள்ளைக் குறி உடல் முழுக்கப் பரவியும் வரும். முதல் வகைக்குச் செவலையிடம் பொன்னோ பக்ஸ்கின்னோ பிறக்கும், இரண்டாவது வகைக்குப் பிறக்காது. சுழி பார்ப்பவரும், நான்கு காலும் முகமும் வெள்ளையான பஞ்சகல்யாணி தேடுபவரும் சந்தையில் நிறைய இருக்கிறார்கள், மூக்குத் தோலைப் பார்ப்பவர் குறைவு. சாயத்தையும் மறந்துவிடாதீர்கள். 2022 இல் பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தில் ரூ.22 லட்சத்துக்கும் மேல் கொடுத்துக் கறுப்பு மார்வாரி என்று வாங்கிய குதிரை, குளிப்பாட்டியதும் சாயம் போய்ச் செந்நிறமாகிவிட்டதாகச் செய்தி வந்தது. ஈர வெள்ளைத் துணியால் கழுத்தையும் பிடரி வேரையும் அழுத்தித் தேய்த்துப் பார்க்க விற்பவர் மறுத்தால் விலகிவிடுங்கள்.

பரிசோதனைக்கு இரத்தம் தேவையில்லை. பிடரியிலிருந்தோ வாலிலிருந்தோ 20 முதல் 30 மயிரை வேரோடு பிடுங்க வேண்டும். கத்தரித்த மயிர் பயன்படாது, ஆய்வகத்துக்குத் தேவையானது வேர்க்குமிழ்தான். சில மயிரை விரலில் சுற்றிச் சடக்கென்று இழுத்து, நுனியில் வெள்ளைக் குமிழ் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குட்டி மயிர் மெல்லியது, பாதியில் அறுந்துபோகும், அதனால் வாலிலிருந்து கூடுதலாக எடுங்கள். மயிர் காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சை பிடித்து வீணாகும். காகித உறையில் போட்டு, ஓர் உறைக்கு ஒரு குதிரை என்று அங்கேயே பெயர் எழுதுங்கள். இரண்டு குதிரைக்கு நடுவே கையையும் துடைத்துக்கொள்ளுங்கள்.

செவலைப் பிரதி, ஏஎஸ்ஐபி, க்ரீம், பேர்ல், ஷாம்பெயின், டன், சில்வர், நரை ஆகியவற்றை ஒன்றாகவே கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் செலவு ஏறும். க்வார்ட்டர் ஹார்ஸ் வழியில் வந்த குதிரையானால் ஹெர்டா (தோல் கிழியும் நோய்), ஜிபெட் (உடலில் சர்க்கரைச் சேமிப்பு கெடும் நோய்) போன்ற பரம்பரை நோய்களையும் சேர்த்துப் பாருங்கள். பெற்றோர் இரண்டும் சுமந்திருந்தால் நிறம் எத்தனை பொன்னாக இருந்தும் பயனில்லை, ஜிபெட் வந்த குட்டி பிழைப்பதில்லை. சேர்க்கை ஒப்பந்தங்களில் 'உயிருள்ள குட்டி' உத்தரவாதம் என்ற வரி இருக்கும். அது நிறத்துக்குப் பொறுப்பேற்காது. க்ரெமெல்லோவுக்குக் கட்டணம் கட்டுமுன் ஆய்வக அறிக்கையில் க்ரீம் இரண்டு பிரதி, செவலைப் பிரதி இரண்டு என்ற இரண்டு வரியையும் நேரில் படித்துவிட்டு, அறிக்கையின் நகலை ஒப்பந்தத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள்.